நின்று நின்று ஓடிய படம்

உர்மாத் இறந்து வருஷம் திரும்பப்போகிறது. வருஷ நினைவுக்குப் போடும் ஆஷ் விருந்தில் அறுக்கக் குதிரை பார்த்தாயிற்று, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. விருந்தில் போட அவனுடைய படம் ஒன்றுதான் பாக்கி. அதை முடித்துத் தர வேண்டியவள் அவன் பெண்டாட்டி பெர்மெத். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித்தான் அவள் பிழைக்கிறாள். தோக்மோக் ஊரில் பாதிக் கல்யாணம் அவள் கைபட்டுத்தான் வெளியே போகும். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் கிழடு. புதுக் கேமராவில் எடுத்ததைப் போட்டால் படம் ஓர் அடி நகரும், நிற்கும், மூச்சு வாங்கும், மறுபடி நகரும். சத்தமும் கரகரவென்று அறுந்து வரும். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத்தான் வேலை பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது சௌகரியமாகவே இருந்தது. திரையில் தெரிந்தது உர்மாத் இல்லை, அடுக்கிவைத்த போட்டோக்கள். வெட்டும்போது கை நடுங்கவில்லை. நடுங்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மலைப்பாதையில் லாரி உருண்டு அவனைக் கொண்டுவந்து கிடத்திய அன்று, சாவுக்குப் போட்ட கூடாரத்துக்குள் வழக்கப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்து பெண்டாட்டிக்காரி ஒப்பாரி வைத்திருக்க வேண்டும். பெர்மெத் உட்கார்ந்தாள். வாய் வரவில்லை. கண்ணிலும் ஒரு சொட்டு இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? கல்நெஞ்சுக்காரி என்றது. மாமியார் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொன்னவர்களைத் தடுக்கவும் இல்லை. வருஷம் முழுக்க பெர்மெத் மரக்கட்டை மாதிரி டீ ஊற்றினாள், மாவு பிசைந்தாள், அடுத்தவர் கல்யாணங்களை வெட்டி ஒட்டினாள். அவனிடம் ஆசையாகத்தான் இருந்தோமா என்று தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆஷ் முடிந்தால் துக்கமும் முடிந்த மாதிரி. அதற்குள் அழாதவள் அப்புறம் எந்த முகத்தோடு அழுவாள்?

அன்றைக்குக் கொழுந்தன் மிர்பெக் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான்.

“புதுசு வாங்க நம்மகிட்ட ஏது வசதி, அண்ணி? சீனாவுல ஏதோ கம்பெனி சர்வர்ல ராத்திரி பகலா உழைச்சு ஓஞ்ச ப்ராசஸர் இது. மதர்போர்டும் சேத்து செகண்ட் ஹேண்ட்ல புடிச்சேன். பந்தயத்துல ஓடி ரிட்டயர் ஆன குதிரை. நம்ம வீட்டு வண்டியத் தாராளமா இழுக்கும்.”

“பழைய மெமரி இதுல உக்காருமா?”

“உக்காராது. அதுவும் பெட்டியில இருக்கு. கேபினெட்டும் பவர் சப்ளையும் பழசே போதும்.”

பழைய போர்டைக் கழற்றினான். தூசி கம்பளி மாதிரி திரண்டு வந்தது. புதியதை வைத்தால் ஒரு திருகுக்கு ஓட்டை பொருந்தவில்லை. “ஒண்ணு கொறஞ்சா ஓடிப்போயிடாது,” என்று விட்டுவிட்டான். காய்ந்துபோன பசையைத் துடைத்துச் சூட்டைக் கடத்தும் புதுப் பசை தடவி, ப்ராசஸர்மேல் விசிறியை ஏற்றி ஸ்விட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

சமையலறையில் தரை துடைத்துக்கொண்டிருந்த மாமியார் அங்கிருந்தே கேட்டாள். “என்னடா, பேச்சு மூச்சக் காணோம்? உள்ளதும் போச்சா?”

“சும்மா இரும்மா.” மிர்பெக் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். ப்ராசஸருக்குக் கரண்ட் போகும் ஒயரைச் சொருக மறந்திருந்தான். சொருகினான். திரை வெளுத்தது.

“சத்தமும் வருதான்னு பாத்துடுவோம். கனமான படமா ஒண்ணு போடுங்க அண்ணி,” என்று ஸ்பீக்கரைத் திருகினான்.

பெர்மெத் கைக்கு வந்ததைப் போட்டாள். புதுக் கேமராவைச் சோதிக்க அவளே எடுத்தது. லாரியிலிருந்து இறங்கி உர்மாத் வாசல் மரப்பலகைமேல் நடந்து வருகிறான். நூறு தடவை பார்த்த படம்.

படம் நிற்கவில்லை. உர்மாத் நடந்தான். வலது கால் அழுத்தமாக, இடது கால் லேசாக இழுபட்டு. சின்ன வயதில் குதிரையிலிருந்து விழுந்த கால் அது. டொக், சர்ர்... டொக், சர்ர்... பலகைமேல் பூட்ஸ் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

அந்த இழுப்பை அவள் மறந்தே போயிருந்தாள். எந்தப் போட்டோவில் கால் இழுபடும்?

“பூட்ஸ வாசல்லயே கழட்டுடா,” என்றது சமையலறையிலிருந்து மாமியாரின் குரல். “இப்பத்தான் தரை தொடச்சேன்.”

மிர்பெக் திருப்புளியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அவன் காலில் வெறும் சாக்ஸ்தான்.

மாமியார் ஈரத்துணியோடு கதவண்டை வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. அவள் கவனிக்கவில்லை.

பெர்மெத் எழுந்தாள். எங்கே போவதென்று தெரியாமல் சுவர்ப்பக்கம் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முதலில் இருமல் மாதிரி ஒன்று வந்தது. பிறகு வாய் திறந்துகொண்டது.

“இழுத்து இழுத்து வந்தியே... என் வாசலுக்கு வந்தியே...”

மாமியார் துணியைக் கீழே போட்டாள். வந்து மருமகளுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மிர்பெக் படத்தை நிறுத்தக் கை நீட்டினான்.

“நிறுத்தாதடா,” என்றாள் மாமியார், திரும்பாமலே. “ஓடட்டும்.”