ஒரே நிமிடத்தில் பதினொரு சான்றிதழ்

லாரி வந்து நின்றபோது இன்னும் வெளுக்கவில்லை. அட்டைப்பெட்டிகள் இறங்க இறங்க, தூசி மூக்கில் ஏறி எல்லோருக்கும் தும்மல். மருந்துக்கடையின் மருந்தாளுநர் ஒவ்வொரு பெட்டியையும் பிளேடால் கீறி, காலாவதித் தேதியைப் பார்த்து, குளிரில் இருக்க வேண்டியதைத் தூக்கிக்கொண்டு குளிர்பெட்டிக்கு ஓடினாள். எதையும் இரண்டு தடவை படிக்காமல் அலமாரியில் ஏற்றமாட்டாள் என்பதால் கடையில் அவளுக்குக் 'கண்ணாடி' என்று பெயர். அவள் மூக்கில் கண்ணாடி கிடையாது என்பது வேறு விஷயம்.

அன்று ஒரே தேதியை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வழக்கமாகப் பெட்டி இறக்கும் சுமைக்காரர் மூன்று நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்கிறார். அவர் மனைவிக்குக் காய்ச்சல், உடம்புவலி என்றபோது வலி மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் கண்ணாடிதான். இரண்டாம் நாளே ஈறில் ரத்தம். இந்தக் கொசுக் காய்ச்சலுக்கு அந்த மாத்திரை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். அவள் படித்து முடித்துப் பதினாறு வருடம். அப்போது இந்தக் காய்ச்சல் அந்த ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

தெரிந்திருக்க வேண்டாமா? வேண்டும். அதற்குத்தான், பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் இத்தனை மணிநேரம் கம்ப்யூட்டரில் புதுப்பாடம் படித்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. போன மாதம் வந்த பாடமே இந்தக் காய்ச்சலைப் பற்றியதுதான். ஆனால் முதலாளிக்கு ஆறு கடை, பதினொரு மருந்தாளுநர்கள். கவுண்டரை விட்டு ஒரு ஆள் நகர்ந்தாலும் அவருக்குப் பொறுக்காது. எல்லோருடைய பாஸ்வேர்டையும் வாங்கி ஆபீஸ் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டார். கிளார்க்கே பதினொரு பேருக்கும் பாடத்தைத் தட்டித் தள்ளி, பரீட்சையும் எழுதி, சான்றிதழை அச்சடித்துவிடுவார். வேலை மிச்சம் என்று இவர்களும் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சிரிப்புதான் இப்போது அவளைக் குத்தியது.

எட்டு மணிக்கு முதலாளி ஒரு காகிதத்தோடு வந்தார்.

"கையெழுத்துப் போடும்மா. ஆஸ்பத்திரியிலேருந்து எழுதிப் போட்டிருக்காங்க, மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸ்லேருந்து விசாரணைக்கு வர்றாங்க."

அவள் இரண்டு தடவை படித்தாள். மேற்படி பாடத்தைப் படித்துத் தேறியிருந்தும், தன் கவனக்குறைவால் தவறு நேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தது.

"நான் படிக்கவே இல்லையே."

"நூத்துக்கு நூறு வாங்கியிருக்கே. சுவர்ல தொங்குது பாரு."

"அது கிளார்க் வாங்கின மார்க்கு."

"பாஸ்வேர்டு கொடுத்தது யாரு? வெளிய சொன்னா உன் பதிவுதான் போகும். போடலைன்னா நாளைக்கு இந்த ஸ்டூல்ல வேற ஆள் உட்காரும்."

"எந்த ஸ்டூலு? நின்னு நின்னு என் காலு வீங்கிக் கிடக்கு."

பக்கத்துக் கவுண்டரில் நிற்கும் இளைய மருந்தாளுநர், கடையில் எல்லோருக்கும் 'தங்கச்சி', சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி சாயங்காலம் வரை கெடு வைத்துவிட்டுப் போனார்.

மதியம் கண்ணாடி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சுமைக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நீங்க கொடுத்த மாத்திரைதானேக்கா?"

"ஆமா. என் கைதான் கொடுத்துச்சு. தெரியாமக் கொடுத்துட்டேன்."

"தெரியும்னு எழுதி மாட்டியிருக்கே! அந்த ஆணியை அடிச்சவனே நான்தான்."

அவள் பாஸ்வேர்டு கதையை ஒளிக்காமல் சொன்னாள். அவருக்கு முகம் சிவந்தது. "என் வீட்டுக்காரி உசிரு போய்ட்டு வந்திருக்கு. உங்களுக்கு வேலை மிச்சமா?"

 "அப்படித்தான் நினைச்சோம்" என்று அவள் ஒப்புக்கொண்டாள். அவர் வராந்தாச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"உங்க மேல புகார் எழுதிக் கொடுன்னு முதலாளி ஆள் விட்டாரு. நான் கொடுக்கலை. உங்களைத் தூக்கிட்டு இன்னொருத்தரை நிறுத்துவாரு. அவருக்கும் இதே கிளார்க்குதானே பரீட்சை எழுதுவாரு? அப்போ அடுத்து யார் வீட்டுலயோ."

கடைக்குத் திரும்பியவள் நேராகக் கிளார்க்கிடம் போனாள். அவர் வியர்த்து வழிந்தபடி கம்ப்யூட்டரில் பரீட்சைக் கணக்குகளைத் திறந்தார். பதினொரு பேரும் ஒரே நாள், ஒரே நிமிடத்தில் தேறியிருந்தார்கள். அதே நிமிடத்தில் கண்ணாடி யாருக்கோ இருமல் மருந்துக்குப் பில் போட்டிருந்தாள்.

"இதைக் கொடுத்தா என் பேரும் மாட்டும்க்கா."

"மாட்டும். எங்க பதினொரு பேரும்தான் மாட்டும். சேர்ந்தே மாட்டுவோம்."

கிளார்க் விரலைச் சொடுக்கிக்கொண்டார். பிறகு பிரிண்டரைப் போட்டார். போன் கடை கடையாகப் போனது. இரண்டு பேர் முதலில் தயங்கினார்கள், ஒருத்தி திட்டினாள், கடைசியில் எல்லோரும் வந்தார்கள். சாயங்காலம் முதலாளியின் காகிதம் அவர் மேஜைக்கே திரும்பியது. முன்பக்கம் கையெழுத்து இல்லை. பின்பக்கம் கிளார்க்கோடு சேர்த்துப் பன்னிரண்டு கையெழுத்து. 'நாங்கள் யாரும் படிக்கவில்லை. செய்தது தவறு. படிப்பதற்கு வேலைநேரத்திலேயே நேரம் வேண்டும். அதுவரை எங்கள் பெயரில் யாரும் பரீட்சை எழுதக் கூடாது.' விசாரணைக்காரர்களுக்கும் ஒரு நகல் போய்விட்டது.

மறுநாள் விடியலில் பெட்டிகள் இறங்கி முடிந்தும் ஷட்டர் பாதிதான் ஏறியது. அவசர மருந்துக்காகத் தங்கச்சி ஒரு ஜன்னலில் நின்றாள். மற்ற கடைகளிலும் அப்படியே ஓர் ஆளை நிறுத்திவிட்டு மீதிப்பேர் வந்து அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கிளார்க்கும் ஒரு ஓரத்தில் இருந்தார். கண்ணாடி பாடத்தைச் சத்தமாகப் படித்தாள்.

முதலாளியின் கார் வந்து நின்றது. "என்ன கூத்து இது? எழுந்திருங்க! பதினொரு பேரு பதிவும் போகும், வக்கீலைக் கூப்பிடுறேன்!"

கண்ணாடி படிப்பதை நிறுத்திவிட்டாள். பதிவு போனால் வேறு எந்தத் தொழிலும் அவளுக்குத் தெரியாது.

ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒருவர் உள்ளே வந்தார். சுமைக்காரர். நான்கு நாள் தாடி. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார்.

"ஏன்க்கா நிறுத்திட்டீங்க? ஈறுல ரத்தம் வந்தா என்ன பண்ணணும்? அந்த இடத்திலேருந்து மறுபடியும் படிங்க. எனக்குக் கேக்கலை."

அவர் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடி விட்ட வரியைத் தேடிப் பிடித்து, வழக்கம்போல் இரண்டாம் தடவையாகப் படித்தாள். முதலாளி போனைக் காதில் வைத்தபடி வாசலில் நின்றார். யாரும் எழுந்திருக்கவில்லை.