நடுவில் முகம், ஓரத்தில் வயிறு

அந்த பர்கர் கடையில் அவளை எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிவிட்டு வரும் அக்கா மகள் குட்டி வாசலிலிருந்தே "சித்தி!" என்று கத்துவாள். அது அப்படியே கடை முழுக்க ஒட்டிக்கொண்டது. அறுபது தாண்டிய முதலாளிக்கும் அவள் சித்திதான். உறவுமுறை பார்த்தால் தலை சுற்றும், யாரும் பார்ப்பதில்லை.

முதலாளிக்குப் பட்டப்பெயர் சரித்திரம். வரிசையில் நிற்பவர்கள் பசியில் துடித்தாலும் அவர் ஹாம்பர்கரின் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். பிழைக்கக் கப்பலேறியவர்களோடு ஒரு துறைமுக ஊரின் பெயரும் கடல் தாண்டிப் போய்க் கொத்துக்கறிக்கு ஒட்டிக்கொண்டது, அதை முதலில் ரொட்டிக்குள் வைத்தது நாங்கள்தான் என்று நாலைந்து ஊர்க்காரர்கள் இன்னும் மல்லுக்கு நிற்பது, எல்லாம் வரும்.

"ஒரு காலத்துல இத வாங்கவே ஜனங்க பயந்தாங்க. அரைச்ச கறி, எதைக் கலந்தானோன்னு. அப்புறம்தான் சில புத்திசாலிங்க கடைக்கு வெள்ளையடிச்சு, கண்ணு முன்னாடியே சுட்டுக் காட்டினாங்க. அன்னைக்குத் திறந்த வாய உலகம் இன்னும் மூடல."

"நீங்க எப்ப மூடுவீங்க?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தக் கதையை நம்பித்தான் இந்தக் கடையிலும் சித்தியின் அடுப்புக்கு முன்னால் தெருவைப் பார்த்துப் பெரிய கண்ணாடி வைத்திருந்தார்.

அந்த அடுப்பில் அகலமான இரும்புக் கல். இடது ஓரத்தில் சூடே ஏறாது. அங்கே ரொட்டியை வைத்து வெதுவெதுப்பாக்குவதோடு சரி. நடுவில் அனல் பறக்கும். மெல்லிய கறி வட்டமென்றால் நடுவிலேயே வெந்துவிடும். தடித்ததை நடுவில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்கவிட்டு, பிறகு வலது ஓரத்துக்குத் தள்ளி, உள்ளே வேகவிட வேண்டும். "நடுவில் முகம், ஓரத்தில் வயிறு" என்பது கடையின் வேதம். சித்தியின் கைக்கு அது மனப்பாடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் சுடுவாள்.

இன்று மத்தியானக் கூட்டம் கலைந்ததும் ரிப்பேர்காரர் வந்தார். கல்லுக்கு அடியிலிருந்த நெருப்புக் குழாய்களைக் கழற்றி, கழுவி, மாட்டிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் குட்டி வந்தாள்.

"சித்தி, ஒண்ணே ஒண்ணு. அம்மாகிட்ட சொல்லவே மாட்டேன்."

குட்டிக்குப் போன வருஷம் சிறுநீரகம் கெட்டு, பிழைப்பாளா மாட்டாளா என்று ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்தார்கள். அதிலிருந்து வெளிச்சாப்பாடு கூடவே கூடாது என்பது அக்காவின் கட்டளை. ஆனால் தினமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எச்சில் விழுங்கும் பிள்ளையை எத்தனை நாள்தான் பார்ப்பது? சித்தியின் மனசு இளகிவிட்டது. இளகியது மட்டுமா, தாராளமும் ஆகிவிட்டது. கொத்துக்கறியை இரண்டு பங்கு எடுத்து, தடியாகத் தட்டி, நடுவில் முகம் சிவக்கவிட்டு, வலது ஓரத்துக்குத் தள்ளினாள். பக்கத்திலேயே ஜன்னலில் நின்ற ஒரு பெண்ணுக்காக மெல்லிய வட்டம் ஒன்று. அந்தப் பெண்ணின் இடுப்பில் இருந்த பொடிசு சிணுங்கிக்கொண்டே இருந்தது. ரொட்டிகள் மட்டும் இடது ஓரத்தில் கருகிப்போயின. பேக்கரிக்காரனை வாய்க்குள் திட்டிவிட்டு, வேறு ரொட்டி எடுத்தாள்.

இரண்டையும் காகிதத்தில் சுற்றி மேடையில் வைத்தாள். "அம்மா வர்றதுக்குள்ள வீட்டுல போய்ச் சாப்பிட்டுடு" என்று குட்டியிடம் சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கத் திரும்பிக்கொண்டாள்.

அடுத்து வந்தவர் தடித்ததாக ஒன்று கேட்டார். சித்தி அதை ஓரத்துக்குத் தள்ளி, மேலே சீஸ் துண்டை வைத்தாள். சீஸ் உருகவில்லை. வைத்தது வைத்தபடி விறைப்பாகக் கிடந்தது. கரண்டியால் வட்டத்தை இரண்டாகப் பிளந்தாள். உள்ளே வேகாத சிவப்பு. வலது ஓரத்துக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்தாள். சூடே இல்லை. இடதில் பிடித்தாள், சுட்டது. ரிப்பேர்காரர் குழாய்களை இடம் மாற்றி மாட்டிவிட்டார். ரொட்டி கருகியபோதே கல் அவளுக்குச் சொல்லியிருக்கிறது. அவள்தான் கேட்கவில்லை.

முழுத்துண்டு கறியென்றால் கிருமி வெளியே இருக்கும், சூட்டில் போய்விடும். கொத்துக்கறியில் வெளியே இருந்ததெல்லாம் அரைபட்டு உள்ளே போய்விடுகிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்தது. அந்தக் கிருமி சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"அடுப்ப அணைங்க! யாருக்கும் எதுவும் குடுக்காதீங்க!" என்று முதலாளியைப் பார்த்துக் கத்திவிட்டு ஓடினாள். அவர் ஒரு கதையும் சொல்லாமல் அடுப்பை அணைத்தார்.

அக்கா வீடு அடுத்த தெருதான். அந்த ஒரு தெரு அவளுக்கு முடியவே மாட்டேன் என்றது. ஓடிக்கொண்டே போன் அடித்தாள், அங்கே யாரும் எடுக்கவில்லை. ஐயோ, நானே என் கையால், நானே என் கையால் என்று அவள் வாய் பிதற்றிக்கொண்டே வந்தது. அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம், அந்த முகம் கிடக்கட்டும், பிள்ளை கிடைத்தால் போதும் என்று நினைத்தாள். மாடிப்படியில் முட்டி இடித்து இரத்தம் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

குட்டி சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி பர்கர். சித்தி அதைப் பிடுங்கித் திறந்தாள். உள்ளே பழுப்பு. நன்றாக வெந்த பழுப்பு. மெல்லிய வட்டம்.

போன உயிர் திரும்பி வந்தது. குட்டியைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கும்பிட ஒரு சாமி அகப்பட்டால் காலிலேயே விழுந்திருப்பாள்.

"ஏன் சித்தி அழற? நான் மெதுவாத்தான் சாப்பிட்டேன்."

"ஒண்ணுமில்லடா தங்கம். இது ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கு?"

"அந்தப் பாப்பா பெருசுதான் வேணும்னு அழுதுச்சு. பாவமா இருந்துச்சு. என்னோடத குடுத்துட்டு இத வாங்கிக்கிட்டேன்." குட்டி பெருமையாக நிமிர்ந்தாள். "நான் நல்ல பொண்ணுதானே?"

சற்று முன் கும்பிடத் துடித்த கையைச் சித்தி பார்த்தாள். எதற்காகக் கும்பிட இருந்தாள் என்பது இப்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"நல்ல பொண்ணுதான்" என்றாள். "அவங்க எந்தப் பக்கம் போனாங்க?"

"பஸ் நிக்கிற இடத்துக்கு."

மறுபடி ஓடினாள். இப்போது போகும் வழியில் கண்ணில் பட்ட குழந்தைகளெல்லாம் அந்தக் குழந்தையாகத் தெரிந்தார்கள். நிழற்குடைக்கு அடியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் பொடிசு, கன்னமெல்லாம் சாஸ். காகிதத்தில் மீதியிருந்தது ஒரு வாய்தான்.

சித்தி அதை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு.

"ஏங்க, என்ன பண்றீங்க?" அந்தப் பெண் பதறிக் குழந்தையை இழுத்து அணைத்தாள்.

சித்தி சொன்னாள். மூச்சு வாங்க, ஒன்றையும் மறைக்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபப்படவில்லை, அது சித்திக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டேதானே நின்னேன்?" என்றாள் அவள். "மேல நல்லாத்தானே இருந்துச்சு? பார்த்துத்தானே வாங்கினேன்?"

பொடிசு சித்தியின் கையிலிருந்த கடைசி வாய்க்காகக் கையை நீட்டி அழ ஆரம்பித்தது. சித்தி அதைக் காகிதத்தோடு கசக்கித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"எழுந்திரும்மா" என்று குழந்தைக்காகக் கையை நீட்டினாள். "ஆஸ்பத்திரிக்குப் போற வழி எனக்குத் தெரியும்."