நாற்பத்தொரு வயல்கள்

அக்கா ஒரு மக்காச்சோளக் கதிரை ஒடித்து, உறையை உரித்து, தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள். நுனியில் நாலைந்து மணிகள் கதிரிலேயே முளைவிட்டிருந்தன.

“பாத்தியா?”

பார்த்தாள். இலையுதிர் காலத்தின் கடைசி வாரம் அது. பதினைந்து நாள் விடாமல் பெய்த மழை நின்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அக்காவின் நாலு ஏக்கரும் பள்ளத்தில் இருந்ததால், போன வாரம் வந்த அறுவடை மிஷின்காரன் வரப்பில் நின்றபடியே கையை விரித்துவிட்டான். இப்போது தரை காலைத் தாங்கியது. ஆனால் புதன்கிழமை மறுபடியும் பெருமழை என்று வானிலைச் செய்தி மணிக்கொரு தரம் சொல்லிக்கொண்டிருந்தது. கோதுமை விதை மூட்டைகள் கொட்டகையில் பிரிக்காமல் கிடந்தன. இதை அறுத்தால்தான் அதை விதைக்க முடியும்.

அவளுக்கு வேளாண்மை அலுவலகத்தில் கணக்கெடுக்கும் வேலை. வாராவாரம் ஐம்பது வயல்களை நடந்து பார்த்து, எத்தனை அறுத்தாயிற்று, எத்தனை விதைத்தாயிற்று என்று எழுத வேண்டும். நேரில் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘பர்சன்ட்டு’. அறுவடை எண்பது சதவீதத்தைத் தொட்டுவிட்டால் அரசாங்கத்தின் மூன்று மிஷின்களும் மறுநாள் காலையே மலையடிவாரத்துக்குக் கிளம்பிவிடும். தொடாவிட்டால் இன்னும் ஒரு வாரம் இங்கேயே இருக்கும். நாளை மத்தியானம் அக்காவின் முறை.

“எவ்வளவு வந்திருக்கு?” என்று கேட்டார் அத்தான். ஏணியிலிருந்து விழுந்து தோள் இறங்கி, வலது கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டுக் கட்டியிருந்தார்.

“ஐம்பதுல நாப்பத்தொண்ணு முடிஞ்சிடுச்சு. எண்பத்திரண்டு.”

அத்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காதான் சொன்னாள். “ரெண்டு வயல மட்டும் இன்னும் அறுக்கலன்னு போடேன். யாரு வந்து எண்ணப் போறா?”

அக்கா அவளிடம் இதுவரை வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. கேட்டுப் பழக்கமில்லாத குரல், கட்டளை மாதிரி வந்து விழுந்தது. அவள் கதிரைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியில் ஏறினாள்.

அலுவலகத்தில் மணி நாலரை. ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். அவள் 78 என்று தட்டினாள். எவ்வளவு சுலபம்! எண்கள் யாரையும் முறைத்துப் பார்ப்பதில்லை. காலையில் மலையடிவாரத்து அலுவலர் பேசியது காதிலேயே நின்றது: “மிஷின் எப்போ மேடம் வரும்? இங்க புல்லு மேல உறைபனி வெள்ளையா படிய ஆரம்பிச்சிடுச்சு. ஜனங்க என்னைப் பிச்சு எடுக்கிறாங்க.” அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. அக்கா முகத்தைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். அதுதான் தொல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து எண்ணை அழித்தாள். மறுபடி எழுதினாள். மறுபடி அழித்தாள். ஐந்துக்கு நாலு நிமிடம் இருக்கும்போது 82 என்று போட்டு, யோசனை வருவதற்கு முன் அனுப்பிவிட்டாள்.

உடனே அக்காவுக்குப் போன் செய்தாள்.

“அக்கா, உள்ளதைத்தான் போட்டேன்.”

மறுமுனையில் மாடு கத்திக்கொண்டிருந்தது. அக்கா, “சரி, வெச்சிடு” என்றாள்.

இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். மறுநாள் விடிந்ததும் கையுறையும் ஒரு கட்டுச் சாக்குமாகப் புறப்பட்டாள். வழியில் மூன்று மிஷின்களும் மஞ்சள் விளக்கை எரியவிட்டபடி எதிரே வந்தன. ஓரம்கட்டி நின்று வழிவிட்டாள். ஓட்டுநர்களில் ஒருவன் தெரிந்தவன், கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள். வேறென்ன செய்வது.

அக்கா ஏற்கெனவே வயலுக்குள் இருந்தாள். அவள் பக்கத்து வரிசையில் இறங்கினாள். பிடித்து, முறுக்கி, ஒடித்துச் சாக்கில் போட வேண்டும். அத்தான் ஒற்றைக் கையால் சாக்குகளை வரப்புக்கு இழுத்தார். பத்து மணிக்குள் அவளுடைய மணிக்கட்டு வீங்கிவிட்டது. காய்ந்த தோகை கன்னத்தைக் கீறியது. அன்று முழுவதும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடும்போது மட்டும் தங்கையின் தட்டை முதலில் நிரப்பிவிட்டுத் தன் தட்டை நிரப்பினாள். கோபமா இல்லையா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை.

புதன் மத்தியானம் இரண்டரை ஏக்கர் ஆகியிருந்தது. மேற்கே வானம் ஈயம் மாதிரி கறுத்துக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. அத்தான் சாக்குகளின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டப் போனார். மீதியை விட்டுவிட வேண்டியதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, தோகைகளுக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“சாய்ஞ்சு கிடக்கிறதை மொதல்ல எடு. தண்ணி நின்னா அதுதான் மொதல்ல போகும்.”

“சரிக்கா.”

குனிந்து எடுக்க ஆரம்பித்தாள். தோகைகளின் மேல் எங்கோ தூரத்தில் சடசடவென்று சத்தம் கிளம்பி, வரிசை வரிசையாக அவர்களை நோக்கி வந்தது. இரண்டு பேரும் தலையை நிமிர்த்தாமல் ஒடித்துக்கொண்டே போனார்கள்.