சீசன் எத்தனை பேர்?

ஆனி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, ரயில் ஆலோசகர் குற்றாலத்தில் வந்து இறங்கினார். நல்ல சாரல். அவர் சென்னைக்காரர். சிறிய நகரங்களுக்கு ரயில் விட்டால் அங்கே ஜனம் பெருகும், பெருநகரம் கொஞ்சம் மூச்சு விடும் என்பது அவர் எழுதிக்கொண்டிருந்த திட்டம்.

குற்றாலீஸ்வரன் தன் லாட்ஜிலேயே நல்ல அறையாகக் கொடுத்தான். காரணம் இருந்தது. அவன் மனைவி முத்துச்செல்விக்குப் பாளையங்கோட்டையில் கல்லூரி வேலை. பஸ் ஏறினால் வாந்தி. தென்காசியிலிருந்து இருக்கிற ரயில் கல்லூரி மணி அடித்த பிறகு போய்ச் சேரும். கல்யாணமாகி இரண்டு வருடம். அவள் அங்கே வாடகை வீட்டில், இவன் இங்கே.

“வெள்ளன ஒரு வண்டி விடச் சொல்லுங்க. மறுநாளே பெட்டியோட வாரேன்” என்று சொல்லியிருந்தாள்.

கூட அவன் சிநேகிதன் பெலிக்ஸ் இருந்தான். தென்காசியில் பெயிண்ட் கடை, ரயில் பயணிகள் சங்கத் தலைவர்.

“ஜனத்தொகை வளரணும்னா மொதல்ல ஒம் பொண்டாட்டி வீடு வந்து சேரணும்லே” என்று காதோரம் சொல்லிவிட்டுக் கடையைப் பார்க்கக் கிளம்பினான்.

ஆலோசகர் மடிக்கணினியைத் திறந்தார். “சீசன் எத்தனை பேர் இருப்பாங்க?”

ரயில்காரர்களுக்குச் சீசன் என்றால் மாதச் சீட்டு எடுத்து அன்றாடம் வேலைக்குப் போய்வருகிற பயணி. குற்றாலத்தில் சீசன் என்றால் அருவியில் தண்ணீர் விழுகிற மாதங்கள். வேறு அர்த்தம் உண்டென்று குற்றாலீஸ்வரன் நினைத்ததே இல்லை.

“ஒரு நாளைக்கு அம்பதாயிரம் சார்.”

ஆலோசகரின் விரல் நின்றது. “தினமுமா?”

“ஞாயித்துக்கிழமை இன்னும் கூடும்.”

“ஞாயித்துக்கிழமையுமா? அவ்வளவு உழைப்பாளிகளா?”

“அவங்களுக்கு எண்ணெய் தேய்ச்சு விடவே தனியா ஆள் இருக்கு சார்.”

‘தொழிலாளர் நலம் சிறப்பு’ என்று ஆலோசகர் தட்டினார்.

“அன்னன்னிக்கே திரும்பிடுவாங்களா?”

“தலை ஈரம் காயுமுன்ன கிளம்பிருவாங்க.”

சாயங்காலம் ஆலோசகர் ஐந்தருவியில் குளித்தார். ராத்திரி புரோட்டா தின்றார். கள ஆய்வு முடிந்தது.

ஐப்பசியில் தென்காசியில் கூட்டம் போட்டார்கள். திரையில் பச்சை நிறக் கோடு ஒன்று கூரையைப் பார்த்து ஏறியது.

“வாழ்த்துகள்” என்றார் ஆலோசகர். “ஐம்பதாயிரம் சீசன் பயணிகள். இன்னும் இருபத்தைந்து வருஷத்துக்கு நாங்க வச்ச இலக்கை இந்த ஊர் இப்பவே தாண்டிடுச்சு.”

எல்லோரும் கை தட்டினார்கள். குற்றாலீஸ்வரன் பலமாகத் தட்டினான்.

“அதனால வளர்ச்சி ரயில் இங்கே தேவைப்படாது. ஜனமே இல்லாத ஊரா பார்த்துக் கொடுத்துட்டோம்.”

குற்றாலீஸ்வரன் எழுந்தான். “சார், நான் சொன்னது அருவிக்குக் குளிக்க வார கூட்டம்லா!”

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ மாதச் சீட்டு வாங்கறவங்க?”

“பதினோரு பேரு” என்றான் பெலிக்ஸ். “அதுல ஒருத்தர் ரிட்டையர் ஆயிட்டாரு. பழக்கதோஷத்துல போயிட்டு வாராரு.”

“பதினோரு பேருக்கு எப்படிங்க ரயில் விடறது?”

“வண்டி நேரத்துக்குப் போனாத்தான சார் ஆள் ஏறும்?”

“ஆள் ஏறினாத்தானே வண்டி?”

பதினொன்று போதாது, ஐம்பதாயிரம் அதிகம் என்றால் சரியான எண்ணிக்கை என்ன என்று குற்றாலீஸ்வரன் கேட்டான். அதற்குத் தனியாக ஓர் ஆய்வு வேண்டும் என்றார் ஆலோசகர். ஆனியில் வைத்துக்கொள்ளலாம், அப்போது தண்ணீரும் நன்றாக விழும்.

வெளியே வந்து முத்துச்செல்விக்குப் போன் போட்டான். அவள் முழுதும் கேட்டாள். சிரிக்கவில்லை.

“வாடகை வீட்டுக்காரரு இன்னும் ஒரு வருசத்துக்கு எழுதிக்கிடவான்னு கேக்காரு.”

“பொறு. அடுத்த ஆனியில ஆலோசகர் திரும்ப வாராராம்...”

“இந்தச் சீசன்தான் முடிஞ்சாச்சுல்லா. லாட்ஜப் பூட்டிட்டு நீங்க இங்கன வந்திருதியளா?”