சாமி பேருக்கு

வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் ஐயர் கேட்பார்: "பேரு, நட்சத்திரம்?"

அம்மா தன் பெயரைச் சொல்லி ரோகிணி என்பார். என் தட்டு வரும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். "அது சாமி பேருக்கே பண்ணிருங்க ஐயரே."

ஐயர் மந்திரம் சொல்வார். அதில் என் பெயர் இருக்காது.

நான் அம்மா வயிற்றில் பிறந்தவள் இல்லை. சிலிம் ரிவர் என்ற ஊரிலிருந்து வந்த ஒருத்தி, இரண்டு சட்டையோடு என்னை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாளாம். பிறப்புப் பத்திரம் இல்லை. பிறந்த நாளே தெரியாதவளுக்கு நட்சத்திரம் எங்கிருந்து வரும்? இடைநிலைப் பள்ளியின் மூன்றாம் படிவத்தில் தேர்வுக்குப் பதிய அடையாள அட்டை எண் கேட்டார்கள். எண் இல்லாத நான் மட்டும் எழுந்து நின்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை.

பள்ளிக்கூடம் கேட்டது எனக்குப் புரிந்தது. சாமியும் ஏன் கேட்க வேண்டும்?

"நட்சத்திரம் இல்லாட்டி சாமிக்கு என்னைத் தெரியாதாம்மா?"

"சாமிக்குத் தெரியாமலா? ஐயருக்குத்தான் தெரியாது."

"அப்புறம் ஏன் அவருகிட்ட சொல்லணும்?"

"வாய மூடிக்கிட்டு கும்புடுலா. வெளிய ஒரு வார்த்த பேச மாட்ட, என்கிட்ட மட்டும் வக்கீலாட்டம் கேளு."

சிம்பாங் பூலாயில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. அம்மா பிறந்த காலத்தில் அது ரப்பர் தோட்டமாக இருந்ததாம். முறுக்கு பாக்கெட் போடும் வேலை முடிந்து அந்தக் குறுக்குவழியில் திரும்பும்போதுதான் கல்லைப் பார்த்தேன். முழங்கால் உயரம். தோட்டத்துக் காளியம்மன் கோயிலில் அது மட்டும்தான் மிச்சம். மலை உடைக்கும் குவாரியின் வெள்ளைத் தூசி அதன்மேல் மாவு போலப் படிந்திருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்தேன்.

"நான் புனிதா" என்றேன்.

அது வேறெதுவும் கேட்கவில்லை.

அதன்பிறகு தினமும் போனேன். விளக்கு இல்லை, சூடம் இல்லை, விரதம் இல்லை. மனிதர்களின் கண்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். சிலிம் ரிவர்க்காரி என்னைக் கொடுத்துவிட்டுப் போகும்போது திரும்பிப் பார்த்தாளா என்று கேட்டேன். சொல்ல ஒன்றுமில்லாத நாள்களில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரோ கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டதுபோல் இருக்கும். ஒருநாள் குவாரியில் வெடி போட்டதும் நான் துள்ளிவிட்டேன். "நீயும் பயந்துட்டியா?" என்று கல்லைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்தேன். என் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஐந்து மாதம் இப்படிப் போனது.

போன செவ்வாய்க்கிழமை, செம்பனைக் குலை வெட்டும் சன்னாசி அண்ணன் ஒற்றைச் சக்கரக் கோரோத்தா வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார்.

"கலா அக்கா மவதானே நீ? தெனம் பேச்சுச் சத்தம் கேக்குது. போன்ல யாரு, மாப்பிள்ளையா?"

வெறும் கைகளைக் காட்டினேன். அவர் கல்லைப் பார்த்தார்.

"அடக் கடவுளே, இதுகிட்டயா பேசிக்கிட்டு இருக்க? இதுல ஆத்தா இல்ல தங்கச்சி. அவங்கள அப்பவே கூட்டிட்டுப் போயாச்சுலா."

"எங்கண்ணே?"

"நீங்க வெள்ளிக்கெழம போறீங்கள்ல, அந்தக் கோயிலுக்குத்தான். தோட்டத்த வித்தப்ப ஐயர் வந்து மந்திரம் சொல்லி, கல்லுலருந்து ஆத்தாவ கொடத்துத் தண்ணியில எறக்கினாரு. லோரியில கொடத்த மடியில வச்சிக்கிட்டுப் போனது யாரு? இந்தச் சன்னாசிதான். ஒரு சொட்டு சிந்தல, தெரியுமா." நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "இது வெறுங்கல்லு. வீட்டுக்குப் போ, பாம்பு கெடக்கும்."

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

"நான் புனிதா" என்று மறுபடியும் சொன்னேன். அதே கல், அதே அமைதி. நேற்றுவரை அது கேட்டுக்கொண்டிருப்பவளின் அமைதி. இப்போது, பூட்டிவிட்டுப் போன வீட்டின் அமைதி. அவள் இருந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்த இடத்தில் அவள் இல்லை. குவாரியில் வெடி போட்டார்கள். தூசி வந்து படிந்தது. நான் துடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு வேலை. தனியாகப் போனேன். கல்லிடம் சொன்னதையெல்லாம் இங்கே அவளிடமே முதலிலிருந்து சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். கூட்டம் முதுகில் முட்டியது.

"பேரு?"

"புனிதா."

"நட்சத்திரம்?"

அவர் தோளுக்கு மேலாக அவள் முகத்தைத் தேடினேன். தட்டு ஏந்திய கை மறைத்தது. "சீக்கிரம்லா" என்றார் பின்னால் நின்றவர்.

"சாமி பேருக்கு" என்றேன். அம்மாவைப் போலவே என் குரலும் தாழ்ந்தது.

ஐயர் திரும்பிக்கொண்டார். என் வாயிலிருந்து பெயரைக் கேட்டவர்தானே, ஒருவேளை சொல்லிவிடுவாரோ என்று மந்திரம் முடியும்வரை கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. அடுத்த தட்டை வாங்கினார்.