லூர்தம்மாளின் கொடிக்கம்பு

லூர்தம்மாளுக்கு வலது முட்டி போய் மூன்று வருஷமாகிவிட்டது. ஆனால் ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு ஆளுக்கு அது தெரியாது. அவள் தெரிய விட்டால்தானே! தன் இட்லிக்கடைக்குள் மேஜையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கடன் கேட்பவரைத் திட்டுகிற சாக்கில் அவர் தோளையே பிடித்து, எப்படியோ நாளை ஓட்டிவிடுவாள். மகன் சாலமோன் வளைந்த பிடி வைத்த கைத்தடி ஒன்று வாங்கி வந்தான். "எங்க சபை ஞானம்மா மாதிரி நானும் தடியத் தட்டிகினு போவணுமா? போடா!" என்றாள். அந்தத் தடி கடைப் படுதாவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது.

மாதா திருவிழாத் தேர்பவனிதான் அவளை மிரட்டியது. ஊரைச் சுற்றி நடக்க வேண்டும். பிடித்துக்கொள்ள மேஜையும் இல்லை, சுவரும் இல்லை. பெண்கள் சபைக் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவது கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அவள் உரிமை. அந்தக் கொடிக்கம்பையே கைத்தடியாக்கிக்கொண்டாள். சாமர்த்தியக்காரி!

பழைய கம்பு சவுக்கு. கனம், ஊன்றினால் வழுக்கும். 1991 திருவிழாவுக்குப் புதுசு வேண்டுமென்று சபையில் சண்டை போட்டு, ஸ்ரீபெரும்புதூர் மூங்கில் கடைக்குத் தானே போனாள். உள்ளே பொந்து இல்லாத கல்மூங்கிலாகப் பார்த்தாள். கணு நெருங்கியிருக்கிறதா, வெடிப்பு உண்டா என்று விரலால் தடவினாள். தரையில் ஊன்றி முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தாள். கடைக்காரர் பயந்துபோனார்.

"கொடிக்குத்தானம்மா?"

"கொடிக்குத்தான். மாதா கொடி வளையலாமா?"

வீட்டில் அந்தக் கம்புக்கு நடந்த உபசாரம் புது மாப்பிள்ளைக்குக்கூட நடந்திருக்காது. வண்டு அரிக்காமலிருக்க வேப்பெண்ணெய் தடவி, நிழலில் உலர்த்தி, கோணிவிடாதபடி படுக்க வைத்தாள். முழங்கையை மடக்கினால் கை எங்கே வருமோ, அங்கே பழைய புடவைத் துணியை இறுக்கிச் சுற்றினாள். அதில் மட்டும் எண்ணெய் படவிடவில்லை. அடியில் ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி ஆணியடித்தாள். "தரையில இடிச்சா மாதாவுக்குக் காது வலிக்கும்" என்றாள். மருமகள் செல்வமேரி உருகிப்போனாள். அத்தைக்கு எவ்வளவு பக்தி!

அந்த உருக்கம்தான் வினையாயிற்று. திருவிழா அன்று சாயங்காலம் மழை பெய்து தெருவெல்லாம் சேறு. லூர்தம்மாள் கொடியை ஊன்றி ஊன்றி, தலை நிமிர்ந்து முன்னால் போனாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் செல்வமேரி ஓடிவந்தாள்.

"அத்தே, குடுங்க, நான் தூக்கறேன். உங்களுக்குக் கை நோவும்."

"வுடுடீ."

"கொஞ்ச தூரந்தானே அத்தே!"

அவள் அன்பாக இழுக்க, இவள் இறுக்கிப் பிடிக்க, பவனி நின்றது. பேண்டு நின்றது. தேரைத் தோளில் சுமந்தவர்கள், "முன்னால இன்னா தகராறு?" என்று கத்தினார்கள்.

விட்டால் சேற்றில் விழ வேண்டும். விடாவிட்டால் கொடிக்கு ஆலாய்ப் பறக்கிறவள் என்று பேர். சொல்லிவிடுவதே மேல் என்று முடிவு செய்தாள். அதையாவது குசுகுசுவென்று சொன்னாளா? ஏரிக்கரை முழுக்கக் கேட்டது.

"எனக்குக் கை நோவலடீ! முட்டி போயி மூணு வருசமாச்சு. இந்தக் கொடிய நான் தூக்கினு வரல, இதுதான் என்னத் தூக்கினு வருது. இப்ப வுடு!"

செல்வமேரி கையை எடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. லூர்தம்மாளுக்கு முகம் எரிந்தது. ஆனாலும் தலை குனியவில்லை.

அப்போது ஞானம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். திருவிழாவில் தடியோடு நடக்க வெட்கப்பட்டு, அதை வீட்டில் வைத்துவிட்டு, மகள் தோளைப் பிடித்து நொண்டி வந்தவள். கம்பைத் தடவிப் பார்த்தாள். அடியிலிருந்த செருப்பை உற்றுப் பார்த்தாள்.

"அடிப்பாவி! மூணு வருசமா வாயத் தொறக்கலையே. அடுத்த திருவிழாக்கு எனக்கும் ஒண்ணு பாத்துக் குடு."

அடுத்த வருஷம் பவனியில் ஒன்றுக்கு ஐந்து கொடிகள். ஐந்தையும் மூங்கில் கடையில் சாய்ந்து பார்த்து எடுத்தவள் லூர்தம்மாள்தான். புறப்படுமுன் ஒவ்வொரு கம்பின் அடியையும் திருப்பிப் பார்த்தாள்.

"ஞானம்மா, குடுத்து ரெண்டு மாசம் ஆவல, அதுக்குள்ள தேஞ்சிடுச்சே! எங்கடீ சுத்தற?"

"கொடியக் கழட்டிட்டு சந்தைக்கும் இதத்தான் எடுத்துகினு போறேன். உனக்கின்னா?"

புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் வியந்துபோனார். "ஒரு சபைக்கு எதுக்கும்மா அஞ்சு கொடி?"

"எங்க சபையில போன முட்டி அஞ்சு, சாமி" என்றாள் லூர்தம்மாள், உரக்க.

பேண்டு முழங்கியது. ஐந்து பேரும் யார் தோளையும் பிடிக்காமல் நடந்தார்கள். முன்னால் போன லூர்தம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை.