மீன்காரியின் கைவாசனை

மீன்காரி பஸ்ஸில் ஏறிய அந்தச் சாயங்காலம், உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தரையில் படுத்துக்கொண்டார்கள். டிரைவருக்கு மட்டும் ஜலதோஷத்தில் மூக்கு அடைத்திருந்தது. அதனால் பஸ் வழக்கம்போல் ஓடியது. கண்டக்டர் படுத்தபடியே டிக்கெட் கிழித்தார்.

மீன்காரி என்பது தையல்காரரான அவள் கணவர் வைத்த பட்டப்பெயர். அவள் மீன் விற்பவள் அல்ல. ஆராய்ச்சி நிலையத்தில் வரிக்குதிரை மீன்களைப் பயமுறுத்துகிறவள். மனிதரின் பயத்துக்கு மருந்து தேட வேண்டுமானால் முதலில் யாராவது பயந்தாக வேண்டுமே, சுண்டுவிரல் நீள மீன்தான் அகப்பட்டது. மயக்கம் கொடுத்த ஒரு மீனின் தோலை லேசாகக் கீறி, அது ஊறிய தண்ணீரில் ஒரு சொட்டை அடுத்த தொட்டியில் விட்டால் போதும். அங்குள்ள மீன்களெல்லாம் அடித்தரைக்குப் பாய்ந்து ஆடாமல் அசையாமல் கிடக்கும். கீறும்போது இரட்டைக் கையுறை போட வேண்டும் என்பது அங்கே சட்டம். கையுறையில் மீன் வழுக்குகிறது என்று அவள் அன்று வெறுங்கையால் பிடித்தாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பட்டம் வாங்கியவர்களுக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

சோப்பு, வினிகர், சாம்பல் எல்லாம் போட்டுக் கையைத் தேய்த்தாள். தோல் உரிந்ததே தவிர அந்தப் பய வாசனை போகவில்லை. தெருவில் நாய்கள் படுத்தன, தபால்காரர் படுத்தார். சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி படுத்தபடியே திட்டி முடித்துவிட்டுத் தவழ்ந்து திரும்பினாள். இதையெல்லாம் சிரித்தே சமாளித்திருப்பாள். ஆனால் நான்கு வயது மகள், அம்மாவின் காலடி கேட்டாலே கட்டிலுக்கடியில் புகுந்து சுவரோடு ஒண்டிக்கொண்டாள். அப்பாதான் தவழ்ந்து போய்ச் சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளுவார். தட்டு பாதிக்குமேல் அப்படியே திரும்பி வரும். மாதங்கள் போயின. பிள்ளை எலும்பும் தோலுமானாள்.

மீன்காரி தினமும் கதவருகே நிமிர்ந்து நின்று, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு, "பயப்படாத கண்ணு, அம்மாதான்" என்பாள். பிள்ளை சுவருக்குள்ளேயே போய்விடப் பார்ப்பாள்.

கடைசியில் தையல்காரர் தரையில் குப்புறக் கிடந்தபடி சொன்னார்: "நாளைக்குக் காலையில அக்கா வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போறாங்க. எனக்கு மட்டும் ஆசையா? பிள்ளை பிழைக்கணும்ல."

"எப்ப திருப்பிக் கூட்டிட்டு வருவாங்க?"

அவர் பிள்ளையின் சட்டைகளை மடித்துவைக்கத் தவழ்ந்து போனார்.

காலையில் நாத்தனாரின் கார் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டது. மீன்காரி அறைக்குள் போனாள். சிரிக்கத்தான் போனாள். வாய் கோணிற்று, அப்படியே சரிந்து தரையில் விழுந்தாள். கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன.

"அம்மா, உனக்கும் பயமா இருக்கா?"

"ஆமாண்டி தங்கம். ரொம்பப் பயமா இருக்கு. நீ போயிடுவியோன்னு."

மேலே நீந்தித் திரிகிற மீனிடம் பயந்த மீன் போகாது. தன்னைப்போலவே பயந்து கிடக்கிற மீனோடுதான் போய் ஒட்டும். தொட்டியில் தினமும் பார்க்கிற சங்கதி, வீட்டில் மட்டும் அவள் புத்திக்கு எட்டவில்லை. பிள்ளை வயிற்றால் நகர்ந்து வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் மூச்சு கன்னத்தில் பட, மீன்காரி வாய்விட்டு அழுதாள். தையல்காரரும் தவழ்ந்து வந்து ஒட்டினார். கூட்டிப்போக வந்த நாத்தனார் வாசலிலேயே படுத்து, சற்று யோசித்து, நகர்ந்து உள்ளே வந்து தானும் சேர்ந்துகொண்டார். மத்தியானம்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

வாசனை அதற்குப் பிறகும் போகவில்லை. கட்டிலைக் கொடுத்துவிட்டார்கள், தையல் மெஷினின் கால்களை அறுத்துக் குட்டையாக்கினார்கள். அடுத்த வருஷம் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். சாயங்காலம் மீன்காரி வாசலுக்கு வந்ததும் வகுப்பு முழுவதும், டீச்சர் உட்பட, தரையில் படுக்கும். பிள்ளையும் அவர்களோடு படுத்துக்கொண்டு, பக்கத்தில் கிடப்பவர்களிடம் பெருமையாகச் சொல்வாள்: "எங்கம்மா வந்துட்டாங்க."